மலையகத்துல செடி, பூ, மலை பார்த்து வரையிறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓஎல் பரீட்சைக்குச் சித்திரம் எடுத்த பிள்ளைங்க, கொழும்புல வேலை செஞ்சிட்டு லீவுக்கு வந்து வீட்டுல கொப்பியைத் தூக்குறவங்க, போன்ல படம் புடிக்கிறவங்க எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதுனால ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன். இதுல பாதி என்னோட ரசனை, உங்களுக்கு ஒத்து வரலன்னா விட்டுருங்க.

எங்க போனா நல்லா வரைய ஐடியா வரும்? எல்லவா, நுவரெலியாவா, ஹோர்ட்டன் சமவெளியா?

உங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற மலைக்குப் போங்கன்னுதான் முதல்ல சொல்லுவேன், சிரிக்காதீங்க. எல்லயில ஒன்பது வளைவுப் பாலம், அப்புத்தளையில லிப்டன் சீட், எல்லாம் அழகுதான், ஆனா அங்க போய் நிக்கிற எல்லாரும் ஒரே எடத்துல நின்னு ஒரே பக்கம் பார்த்து ஒரே படத்தை எடுத்துட்டு வர்றாங்க, ஏன்னா அந்த எடத்துல எப்படிப் பார்க்கணும்னு ஏற்கனவே வேற யாரோ முடிவு பண்ணி வச்சிட்டாங்க. வ்யூ தேடிப் போறவனுக்கு வ்யூதான் கிடைக்கும். வரையிறதுக்கு வேண்டியது ஒரு சாமான் மேல கொஞ்ச நேரம் கண்ணை வச்சிருக்கிறது, அதுக்குப் பக்கத்துல இருக்கிற சாமான்தான் லேசு, மறுநாளும் போய் அதையே பார்க்கலாம், மழை பெஞ்சப்புறம் பார்க்கலாம், யாரும் டிக்கட் கேக்க மாட்டாங்க.

சரி, பக்கத்துல இருக்கிறது தேயிலை மட்டும்தானே. அதுல என்ன இருக்கு வரைய?

கவாத்து வெட்டின மலைக்குள்ள போய் ஒரு தூருக்கு முன்னால குந்துங்க. மூணு, நாலு, அஞ்சு வருசத்துக்கு ஒரு தரம் கவாத்து வெட்டுவாங்க, வெட்டினப்புறம் எலை எதுவும் இருக்காது, முழங்கால் ஒசரத்துக்குக் கம்பு மட்டும் நிக்கும், அப்பதான் தேயிலைச் செடியோட எலும்பு தெரியும். அடித்தூரு சாம்பல் கலரு, அது மேல வெள்ளையா பச்சையா பாசி வட்டம் வட்டமா ஒட்டியிருக்கும், போன கவாத்துல வெட்டின எடம் வீங்கி முடிச்சு மாதிரி மூடியிருக்கும், அதுக்கு முந்தின கவாத்தோட முடிச்சு அதுக்கும் கீழ இருக்கும், இந்த வருசம் வெட்டின எடம் மட்டும் சாய்வா, வெளுத்து, ஈரமா தெரியும். ஒரு தூருலயே எத்தனையோ வருசத்துக் கத்தி வேலை இருக்கு. பழைய தோட்டங்கள்ல நூறு வருசத்துக்கு மேலான தூருங்க இன்னமும் கொழுந்து குடுத்துக்கிட்டு இருக்கு, அந்த வயசு முழுக்க அந்த முடிச்சுகள்லதான் தெரியும். 2பி பென்சில் ஒண்ணு, 6பி ஒண்ணு போதும், கலரே வேணாம்.

அப்புறம் சில வாரத்துல அந்த முடிச்சுங்க பக்கத்துல இருந்து சின்னதா செவப்பும் பச்சையும் கலந்த துளிரு வரும். முதல்ல வரைஞ்ச அதே தூரை அப்ப திரும்ப வரைஞ்சு பாருங்க.

இன்னொண்ணு, தேயிலைப் பூ. தோட்டத்துலயே பொறந்து வளர்ந்தவங்கள்ல கூட நிறையப் பேரு அதை உத்துப் பார்த்தது இல்ல, ஏன்னா தொடர்ந்து கொழுந்து எடுக்கிற மலையில பூ பெருசா வராது, காட்டோரமா, கைவிட்டுப் போன மலையில, மரமா வளர்ந்து நிக்கிற தேயிலையில பாருங்க. வெள்ளை இதழு, நடுவுல மஞ்சள் மகரந்தக் காம்பு கொத்தா இருக்கும், பூ தலையைக் கொஞ்சம் கீழ போட்டுத்தான் இருக்கும், அதுனால கீழ இருந்து பார்த்து வரையணும். அந்தக் கோணம் கஷ்டம். கஷ்டப்பட்டாலும் பரவால்ல.

நான் வரையிற மலை எல்லாம் காலண்டர் படம் மாதிரி வருது, என்ன செய்யலாம்?

மலையை வெறும் இயற்கைன்னு நினைச்சு வரையிறீங்க, அதுதான் காரணம்னு எனக்குத் தோணுது. நம்ம மலை தானா வந்தது இல்ல. கண்டிக்குப் பக்கத்துல லூல்கந்துரவுல 1867ல ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர்ல தேயிலை போட்டப்ப சுத்தி எல்லாம் கோப்பிதான், அதுக்கு முன்னாடி காடு, 1869ல கோப்பி எலைத் துரு நோயி வந்து ஒவ்வொரு தோட்டமா கோப்பி அழிஞ்சப்புறம்தான் மலை முழுக்கத் தேயிலை ஆச்சு. அந்தக் காட்டை வெட்டினது, தண்ணி ஓடக் கான் வெட்டினது, கல்லு அடுக்குனது, ரோட்டுப் போட்டது எல்லாம் தென்னிந்தியாவுல இருந்து வந்த நம்ம ஆளுங்க கை. அப்ப ஒரு மலையில நீங்க பார்க்கிற ஒவ்வொரு கோடும் யாரோ போட்ட கோடு.

இதை மனசுல வச்சிக்கிட்டுப் பாருங்க, படம் மாறிடும். கான் எங்க எங்க ஓடுது, தண்ணி எப்படித் திரும்புது, குறுக்குப் பாதை ஏன் அந்த எடத்துல வளையுது, கல் கட்டு எங்க சரிஞ்சிருக்கு, லயம், அதான் தோட்டத்து வரிசை வீடு, ஏன் சரிவுல அந்த மட்டத்துல நிக்குது, அதெல்லாம் முதல்ல பென்சில்ல போடுங்க, மேகம், சூரியன் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

வீபீ மலையையும் பழைய வெதைத் தேயிலை மலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு தரம் வரைஞ்சு பாருங்க. வீபீ தேயிலை ஒரே செடியில இருந்து வெட்டுன கம்புல நட்டது, அதுனால எல்லாத் தூரும் ஒரே பச்சை, ஒரே மாதிரி எலை, பாய் விரிச்ச மாதிரி இருக்கும். வெதையில மொளைச்ச பழைய மலையில ஒவ்வொரு தூரும் வேற வேற, ஒண்ணு மஞ்சளிச்ச பச்சை, பக்கத்துல இருக்கிறது கரும்பச்சை, ஒண்ணுல எலை சின்னது, ஒண்ணுல பெருசு, தூரத்துல இருந்து பார்த்தாலே புள்ளி புள்ளியா தெரியும். கம்பெனிக்கு வீபீ நல்லது, படத்துக்குப் பழைய மலைதான்.

பச்சை கலரு சரியா வரவே மாட்டேங்குது. டியூப்ல இருக்கிற பச்சையைப் போட்டா பிளாஸ்டிக் மாதிரி இருக்கு.

டியூப் பச்சையை அப்படியே போட்டா அப்படித்தான் இருக்கும். மஞ்சளும் நீலமும் கலந்து பச்சை செய்யுங்க, அதுல ஒரு துளி செவப்பு இல்லன்னா காவி சேருங்க, உடனே அடங்கிடும். கொழுந்துக்கு மஞ்சள் தூக்கலா, முத்தின எலைக்கு நீலம் தூக்கலா. நம்ம தோட்டத்துச் சவுக்கு மரத்து (சில்வர் ஓக்) எலைக்கு அடிப்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கும், காத்து அடிச்சா மொத்த மரமும் வெளுத்துப் போய்த் திரும்பப் பச்சையாகும், அதுக்குப் பச்சையில கொஞ்சம் சாம்பல் வேணும். யூக்கலிப்டஸ் நீலச் சாம்பல். மானாப்புல்லு காஞ்சா வைக்கோல் கலரு, காயாட்டி வேற.

ஒரு பயிற்சி சொல்றேன், ஒரு தாள்ல கட்டம் கட்டமா போட்டு, வாசல்ல நின்னு கண்ணுக்குப் படுற பச்சையை மட்டும் ஒண்ணொண்ணா கலந்து ரொப்புங்க, உருவம் ஒண்ணும் வேணாம். பக்கத்துல கோவா (முட்டைக்கோசு) பாத்தி, லீக்ஸ் பாத்தி இருந்தா இன்னும் நல்லது, கோவா எலையில ஒரு மாவு பூசின மாதிரி நீலம் இருக்கு பாருங்க, அதை ஒரே தரத்துல கலந்துட்டீங்கன்னா நீங்க பெரிய ஆளு.

தூரத்து மலை ஏன் நீலமா தெரியுது? மூடுபனி வந்தா ஏன் வெள்ளையாகிடுது? வரையும்போது ரெண்டையும் எப்படி வேறுபடுத்துறது?

காத்துல இருக்கிற ரொம்பச் சின்னத் துகள்கள் வெளிச்சத்துல நீலத்தைத்தான் அதிகமா செதறடிக்கும், அதுனால மழை இல்லாத தெளிஞ்ச நாள்ல, நமக்கும் தூரத்து மலைக்கும் நடுவுல இருக்கிற அவ்வளவு காத்தும் நீலமா தெரியுது. மூடுபனின்னா தண்ணித் துளி, துளி பெருசு, எல்லாக் கலரையும் ஒரே அளவுல செதறடிக்கும், அதுனால வெள்ளை. ஆகையால தெளிஞ்ச நாள்ல பின்னாடி போகப் போக வெளிறிய நீலம் சேருங்க, மூடுபனி நாள்ல நீலம் சேர்க்காதீங்க, வெறும் தண்ணியும் தாளோட வெள்ளையும்தான். நிறையப் பேரு மூடுபனிக்கும் நீலத்தைப் போட்டுட்டு ஏன் குளிரா இல்லன்னு கேக்குறாங்க.

மூடுபனியில முக்கியமானது விளிம்பு. பக்கத்துல இருக்கிற மரத்துக்கு விளிம்பு கூர்மையா, அடுத்ததுக்குக் கொஞ்சம் மங்கி, அதுக்கடுத்தது இருக்கா இல்லையான்னே தெரியாம. முதல்ல தாளை முழுக்க நனைச்சிட்டு, ஈரம் இருக்கும்போதே தூரத்து மரத்தைத் தொட்டு வைங்க, அது தானா பரவிடும், கொஞ்சம் காஞ்சப்புறம் நடு மரம், நல்லாக் காஞ்சப்புறம்தான் முன்னாடி மரம்.

ஆனா நுவரெலியா, தலவாக்கலை பக்கம் ஜூலையில வெளிய உக்காந்து வாட்டர் கலர் போட்டா காயவே காயாது. அது உண்மை. வீட்டுல அடுப்பங்கரையில போய் முடிக்கிறதுதான் வழி. வெளிய கலர் பென்சிலோ கரியோ வச்சுக் குறிப்பு மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க.

எந்த மாசம் எந்தப் பக்கம் போறது நல்லது?

மே கடைசியில இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவம், ஹட்டன், மஸ்கெலியா, டிக்கோயா, நுவரெலியா பக்கம் மழையும் மூடுபனியும், அதே நேரத்துல மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவுல, பண்டாரவளை, வெலிமடை, பதுளையில வெயிலும் வறண்ட காத்தும். ரயில்ல நானுஓயாவுல ஏறினா மழை, பட்டிப்பொல தாண்டி ஊவாப் பக்கம் எறங்கும்போது வெயிலு, பல நாள் அப்படித்தான், ஒரே நாள்ல ரெண்டு வெளிச்சமும் பார்க்கிறதுக்கு அதை விட மலிவான வழி கிடையாது. பட்டிப்பொலதான் நம்ம நாட்டுலயே ஒசரமான ஸ்டேசன், கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 1,890 மீட்டர். டிசெம்பர் மாசத்துல இருந்து வடகீழ் பருவத்துல இது தலைகீழா, ஊவா நனையும்.

ஜனவரி, பெப்ரவரி நுவரெலியாவுல சில விடியக்காலையில பனி உறைஞ்சு புல்லு வெள்ளையா கிடக்கும், சூரியன் மேல வந்தா கொஞ்ச நேரத்துல போயிரும். தேயிலை கருகிரும்னு தோட்டத்துல கவலைப்படுவாங்க. வரையிறவங்களுக்கு அந்த அரை மணி நேரம் கிடைச்சா லாபம், கையுறை போட்டுக்கிட்டுப் போங்க.

நேரம் பத்திக் கேட்டா, நம்ம நாடு நடுக்கோட்டுக்குப் பக்கம், சூரியன் சடசடன்னு மேல ஏறிடும், பத்து மணிக்கு மேல நெழல் சுருங்கி மலை தட்டையா தெரியும், சாயங்காலமும் சட்டுன்னு இருட்டிடும். அதுனால காலையில முதல் வெயில் சரிவுல படுற நேரம், நிரைக்கு நடுவுல நெழல் கோடு கோடா விழும், அதை விடாதீங்க.

சிவனொளிபாதமலை உச்சியில விடியும்போது தெரியிற முக்கோண நெழலை வரைய முடியுமா?

முடியும், ஆனா வேகமா வேணும். மலை 2,243 மீட்டர், சூரியன் வந்தவுடன மேற்குப் பக்கம் மூடுபனி மேலயும் காட்டு மேலயும் அந்த நெழல் விழும், சூரியன் ஏற ஏற அது மலைக்கிட்ட சுருங்கிக்கிட்டே வரும். மலையோட உருவம் எப்படி இருந்தாலும் நெழல் முக்கோணமாத்தான் தெரியும், ஏன்னா ரொம்ப நீளமான நெழலை அதோட அடியில நின்னு பார்க்கிறோம், தண்டவாளம் தூரத்துல கூடுற மாதிரி நுனி கூர்மையாகுது. பெர்ஸ்பெக்டிவ் பாடத்தை அங்க வச்சு நடத்தலாம். டிசெம்பர் போயாவுல இருந்து வெசாக் வரைக்கும்தான் சீசன், மத்த மாசங்கள்ல மேல ஏறினாலும் பெரும்பாலும் மழையும் மூடுபனியும்தான், நெழல் கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்.

பேராதனைப் பூங்காவுக்கு ஒரு நாள் போறோம், எதைப் பார்க்கிறது?

147 ஏக்கர், முழுசா சுத்தினா கால்தான் வலிக்கும். மூணு எடத்தைச் சொல்றேன், அதுலயும் ரெண்டைத்தான் பார்ப்பீங்க.

ஒண்ணு, மகாவலி ஓரத்துல நிக்கிற ராட்சத மூங்கில். நல்ல மழைக் காலத்துல ஒரு நாளைக்கு ஒரு அடி வரைக்கும் கூட வளரும்னு சொல்லுவாங்க. வரையிறதுக்கு அதோட கணு போதும், கணுவுக்குக் கணு தூரம் மேல போகப் போக எப்படி மாறுது, புதுக் குருத்து மேல இருக்கிற உறை எப்படிக் கழண்டு தொங்குது, அதைப் பாருங்க. பேர் செதுக்கி வச்சிருக்கிறதையும் பார்ப்பீங்க, அந்த வேலையை நீங்க செய்யாதீங்க.

ரெண்டு, குக்ஸ் பைன் மரங்க. நேரா வளர வேண்டிய மரம், இங்க வளைஞ்சு நெளிஞ்சு நிக்குது. நேர்கோட்டையே வரைஞ்சு பழகுன பிள்ளைங்களுக்கு நல்ல மருந்து.

மூணு, பெரிய புல்வெளியில நிக்கிற ஜாவா அத்தி, ஒத்தை மரம்தான், கொப்பு ஒரு தோப்பு அளவுக்குப் பரந்து கிடக்கு. முழு மரத்தையும் தாள்ல அடக்கப் பார்க்காதீங்க, வேரு தரைக்கு மேல பாம்பு மாதிரி ஓடுற ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்குங்க.

நேரம் இருந்தா வௌவால். ஆயிரக்கணக்குல பழந்தின்னி வௌவால் மரத்துல தலைகீழா தொங்குது, வேகமா ஸ்கெச் போட்டுப் பழக அதை விட நல்ல மாடல் இல்ல, தூங்குதுன்னு பார்த்தா ஒண்ணு றெக்கையை விரிச்சு விசிறிக்கும்.

ஹக்கலை, விக்டோரியா பார்க், ஹோர்ட்டன் சமவெளி, மூணுக்கும் என்ன வித்தியாசம்?

ஹக்கலை 1861ல சிங்கோனா வளர்க்கத் தொடங்கின எடம், மலேரியாவுக்குக் குயினைன் எடுக்கிற மரம் அது. சீதா எலியாவுல சீதையம்மன் கோயிலுக்குப் பக்கத்துலதான் இருக்கு, அசோகவனம் இதுதான்னு சொல்லுவாங்க. ரோசாவுக்குத்தான் சனம் போகுது, ஆனா எனக்குப் புடிச்சது மரப்பெரணி. அதோட குருத்து சுருண்டு மயிரோட வெளிய வரும், உள்ளுக்குள்ள இன்னொரு சுருள், அதுக்குள்ள இன்னொண்ணு. சுருளை எப்படி வரையிறதுன்னு தெரிஞ்சுக்க ஒரு குருத்து போதும்.

விக்டோரியா பார்க் 1897ல பேர் வச்சது, டவுனுக்கு நடுவுல இருக்கு, பெஞ்சு இருக்கு, குடும்பத்தோட போறவங்களுக்கு அது லேசு. குளிர் மாசங்கள்ல வடக்க இருந்து வர்ற குருவிங்களைப் பார்க்க வெளிநாட்டுக்காரங்க பெரிய லென்ஸோட நிப்பாங்க.

ஹோர்ட்டன் சமவெளி வேற உலகம். 2,100 மீட்டருக்கு மேல, காத்தும் பனியும் அடிச்சு மரம் எல்லாம் குட்டையா, முறுக்கி, தலை தட்டையா குடை மாதிரி, கொப்பு முழுக்கப் பாசி, தாடி மாதிரி தொங்குற லைக்கன். நம்ம ஊரு ரொடொடென்ட்ரன் அங்க புல்லு வெளியில செவப்பா பூக்கும். நெலுன்னு ஒரு செடி, பல வருசம் பூக்காம இருந்துட்டு ஒண்ணாச் சேர்ந்து பூத்துட்டுச் செத்துப் போயிரும், அந்த வருசம் யாராவது சொன்னா லீவு போட்டுட்டுப் போங்க. அங்க உலக முடிவுன்னு சொல்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போறதுன்னா விடியவே போகணும், ஒம்பது பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி வெள்ளைச் சுவருதான் தெரியும். அங்க ஒரு எலையைக் கூடப் புடுங்கக் கூடாது, தேசியப் பூங்கா, சட்டம் இருக்கு, வரைஞ்சுக்கிட்டு மட்டும் வாங்க.

எங்க லயத்து வாசல்ல ஹைட்ரேஞ்சியா நீலமா பூக்குது, பண்டாரவளையில அக்கா வீட்டுல ரோசாக் கலரு. ரெண்டும் வேற வேற செடியா?

ஒரே செடியா இருக்கலாம். புளிப்பான மண்ணுல அலுமினியம் கரைஞ்சு வேருக்குக் கிடைக்கும், அப்ப பூ நீலம். சுண்ணாம்புப் பக்கம் போன மண்ணுல அது கிடைக்காது, அப்ப ரோசா. தேயிலைக்கே புளிப்பு மண்ணுதான் வேணும், பிஎச் 4.5ல இருந்து 5.5 வரைக்கும், அதுனால தோட்டத்துல நீலம் அதிகம். அக்கா வீட்டுச் சுவருல இருந்து சீமெந்து, சுண்ணாம்பு கரைஞ்சு மண்ணுல எறங்கியிருந்தாலும் மாறும். ஒரே செடியில நீலமும் ஊதாவும் ரோசாவும் கலந்து வர்ற கொத்தும் உண்டு, வாட்டர் கலருக்கு அதுதான் விருந்து. ஒரு கொத்துல எல்லாப் பூவையும் எண்ணி வரையாதீங்க, வெளிச்சம் படுற பக்கம் ஒரு ஏழெட்டுப் பூவை ஒழுங்கா போட்டுட்டு மத்ததை நெழலா விட்டுருங்க.

இந்த மாதிரி இலங்கையில முன்னாடி யாரும் வரைஞ்சிருக்காங்களா?

நிறைய. 19ஆம் நூற்றாண்டுல பேராதனைப் பூங்காவுல ஹர்மானிஸ் டி அல்விஸ்னு ஒரு ஓவியர் பல பத்து வருசம் வேலை பார்த்தாரு, வேலையே செடியை வரையிறதுதான், எலை நரம்பு, பூவைப் பிளந்தா உள்ளுக்குள்ள என்ன, காய், வெதை எல்லாம். பிள்ளைங்களும் அதே வேலைக்கு வந்தாங்க. விஞ்ஞானிங்க பேரு புத்தகத்து மேல வந்திச்சு, இவங்க பேரு உள்ளுக்குள்ள எங்கயோ. தாவர ஓவியம் கத்துக்க விரும்புறவங்க அந்தப் படங்களைத் தேடிப் பாருங்க, ஒரு கோடு கூட வீணா இருக்காது.

மேரியேன் நோர்த்னு ஒரு இங்கிலாந்துப் பொம்பளை உலகம் சுத்திச் செடி கொடியை ஆயில் பெயின்ட்ல வரைஞ்சவங்க, 1876 கடைசியில இங்கயும் வந்தாங்க. களுத்துறையில அவங்க தங்கினது ஜூலியா மார்கரெட் கேமரூன் வீட்டுல, அவங்க அந்தக் காலத்துலயே பேர் வாங்குன போட்டோகிராபர். அந்தக் கேமரூன் அம்மா 1879ல டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துல செத்தாங்க, புதைச்சது பொகவந்தலாவை மாதா கோயில்ல. உலகத்து மியூசியத்துல எல்லாம் படம் தொங்குற ஒருத்தரோட கல்லறை நம்ம பஸ் போற ரோட்டுப் பக்கத்துல இருக்கு, பொகவந்தலாவைப் பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியுமோ.

கண்டியில பொறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற், 1943ல ஓவியருங்க ஒண்ணா சேர்ந்த 43 குழுவுல ஒருத்தரு, அவரு உருவங்கள்தான் அதிகம் செஞ்சாரு, ஆனா கோடு ஓடுற விதத்தைப் பார்த்தா கொடி வளர்ற விதம் ஞாபகம் வரும், எனக்கு அப்படித்தான் படுது.

கலர் பெட்டி வாங்கக் காசு இல்ல, வீட்டுச் சாமான்ல செய்யலாமா?

செய்யலாம். கரி முதல்ல. பென்சில் தடிப்புல இருக்கிற காஞ்ச குச்சியை, கவாத்துக் குச்சியே எடுக்கலாம், தோலைச் சீவிட்டு ஒரு மூடி போட்ட டின்னுக்குள்ள நெருக்கமா அடுக்குங்க, மூடியில ஆணியால ஒரு சின்ன ஓட்டை, அடுப்பு நெருப்புல வைங்க. ஓட்டையில இருந்து புகை வரும், புகை நின்னப்புறம் எடுத்து, ஆறினப்புறம்தான் தெறக்கணும், சூடா தெறந்தா காத்துப் பட்டுச் சாம்பலாப் போயிரும்.

மை வேணும்னா துருப்புடிச்ச ஆணியைக் கொஞ்சம் வினாகிரியில சில நாள் ஊறப்போடுங்க, வேற பாத்திரத்துல தேயிலைத் தூளைக் கொதிக்க வச்சு நல்லாக் கெட்டியா சாயம் எறக்குங்க, ரெண்டையும் கலந்தா சாயம் கறுத்துடும். தேயிலையில இருக்கிற டானினும் இரும்பும் சேர்ந்து வர்ற கறுப்பு அது, பழைய காலத்து மையும் இதே தத்துவம்தான். வெறும் தேயிலைச் சாயம் தாளுக்கு மண் கலரு குடுக்கும். ஜன்னலைத் தெறந்து வச்சுச் செய்யுங்க, செஞ்ச பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீங்க.

மஞ்சள் தூளும் பீட்ரூட் சாறும் முதல் நாள் ஜோரா இருக்கும், வெயில் பட்டா சீக்கிரம் வெளுத்துடும். பரீட்சைக்குக் குடுக்கிற படத்துல வேணாம்.

போட்டோ எடுத்து வீட்டுல வச்சு வரைஞ்சா தப்பா?

தப்பு இல்ல, ஆனா போட்டோ மட்டும் வச்சுக்கிட்டா நெழல் எல்லாம் கறுப்பாவும் வானம் எல்லாம் வெள்ளையாவும் வரும், போன் கெமராவால பல நேரம் ரெண்டையும் ஒண்ணா சரியா புடிக்க முடியிறது இல்ல, நம்ம கண்ணு புடிக்கும். அதுனால அங்கயே நின்னு உள்ளங்கை அளவு ஸ்கெச் ஒண்ணு போட்டு, பக்கத்துல வார்த்தையில எழுதுங்க, நெழலு நீலமா ஊதாவா, காத்து எந்தப் பக்கம், என்ன வாசம், பீலியில தண்ணி விழுற சத்தம் கேட்டதா. வாசத்தை எழுதி என்ன செய்யன்னு கேப்பீங்க, வீட்டுக்கு வந்து படிக்கும்போது அந்த எடம் திரும்ப வரும், செஞ்சு பாருங்க.

கொழுந்து எடுக்கிறவங்களைப் படம் எடுக்கலாமா, வரையலாமா?

கேட்டுட்டு எடுங்க. அக்கா, அம்மாயின்னு கூப்பிட்டுப் பேசுங்க, பேசினா சம்மதிக்கிறவங்கதான் அதிகம். ஆனா அவங்க கிலோ காட்டணும், கொறைஞ்சா பேருக்கு, அதாவது அன்னைக்குச் சம்பளத்துக்கு, அடிபடும், நீங்க நிக்கச் சொல்ற ஒவ்வொரு நிமிசமும் அவங்க கூலி. அதுனால வேலையைக் கெடுக்காம ஓரமா நின்னு வரைங்க, தேநீர் நேரத்துல பேசுங்க, வரைஞ்சதைக் காட்டுங்க. அப்ப அவங்களே திருத்துவாங்க, கூடைக் கயிறு தலையில இங்க வராது, இடுப்புல சுத்துற படங்கு இப்படிக் கட்ட மாட்டோம், கை இப்படித் திரும்பாதுன்னு. அந்தத் திருத்தம் எந்த வகுப்புலயும் கிடைக்காது.

சிரிச்ச மொகம், கலர் சேலை, ரெண்டு கையிலயும் கொழுந்து, அந்த விளம்பரப் படத்தை மட்டும் திரும்பச் செய்யாதீங்க ப்ளீஸ். மழையில படங்கும் பிளாஸ்டிக் சீட்டும் சுத்திக்கிட்டுச் சரிவுல ஒரு காலை மேல ஒரு காலைக் கீழ வச்சு நிக்கிற அந்த நிலையில எவ்வளவு பாரம் இருக்கு, அதை வரைங்க. தோட்டத்துக்குள்ள பெரிய கெமராவோட போறதுன்னா ஆபீசுல சொல்லிட்டுப் போங்க. ட்ரோன் பறக்க விட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அனுமதி வேணும்.

மலைக்குள்ள உக்காந்து வரையும்போது எதைப் பார்த்துக்கணும்?

குளவி. அட்டையை விட இதைத்தான் முதல்ல சொல்லுவேன், தோட்டத்துல குளவி கொட்டிச் செத்தவங்க உண்டு. உக்காருறதுக்கு முன்னாடி மேல நிழல் மரத்தையும் பாறை இடுக்கையும் பாருங்க, கூடு இருந்தா சத்தம் போடாம வேற எடம் போங்க, அங்க கொழுந்து எடுக்கிறவங்ககிட்ட கேட்டாலே எந்த மலையில கூடு இருக்குன்னு சொல்லிடுவாங்க.

அட்டைக்கு உப்பு இல்லன்னா சவர்க்காரம் காலுல தேய்ச்சுக்கிட்டுப் போங்க. ரோட்டோரத்துல எக்காளம் மாதிரி தொங்குற பெரிய வெள்ளை, மஞ்சள் ஊமத்தை ரொம்ப அழகு, அதே அளவுக்கு விசம், வரைஞ்சிட்டுக் கையைக் கழுவாம எதையும் திங்காதீங்க, கண்ணைத் தேய்க்காதீங்க. மழை விடாம பெய்யிற நாள்ல வெட்டின சரிவுக்குக் கீழ உக்காரவே வேணாம். 2014ல கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவுல என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியும்.

எனக்கு வரைய வராது, எழுதுவேன். இதெல்லாம் எனக்கு ஆகுமா?

ஏன் ஆகாது. நம்ம ஆளுங்க கொழுந்து எடுக்கும்போது பாடுன பாட்டுல மலை, மழை, அட்டை, கங்காணி எல்லாமே இருந்துச்சு, மலையக எழுத்தாளர் சி.வி.வேலுப்பிள்ளை அதைத் தேடித் தேடிச் சேர்த்தாரு. அந்தப் பாட்டுல 'அழகான மலை'ன்னு சும்மா வராது, எந்த மலை, என்ன வேலை, யாரு ஏசினாங்கன்னு வரும். அதே மாதிரி எழுதுங்க, பூன்னு எழுதாம எந்தப் பூன்னு எழுதுங்க, மரம்னு எழுதாம சவுக்கா, முள்முருங்கையா, யூக்கலிப்டஸான்னு எழுதுங்க. பேரு தெரியலன்னா வீட்டுல வயசானவங்க யாரையாவது கேளுங்க, அவங்க பேரோட சேர்த்து அது எந்த வருத்தத்துக்கு மருந்துங்கிறதையும் சொல்லுவாங்க.

வரைஞ்ச படம் எல்லாம் கொஞ்ச மாசத்துல பூஞ்சணம் புடிச்சுப் புள்ளி விழுந்துடுது. எப்படி வைக்கிறது?

குளிர் ஊர்ல இது எல்லாருக்கும் உள்ள கரைச்சல், கெமரா லென்ஸுக்குள்ள கூடப் பூஞ்சணம் வரும். படத்தை நல்லாக் காய வச்சப்புறம்தான் உள்ள வைக்கணும், சுவரோட ஒட்டி வைக்கக் கூடாது, லயத்துக் காம்பராவுல வெளிச் சுவரு எப்பவும் ஈரம்தான், அடுப்பங்கரைப் பக்கத்துச் சுவரு பரவால்ல, ஆனா புகை படும், மூடி வைக்கணும். இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் பெட்டி ஒண்ணு, படத்துக்கு நடுவுல வெள்ளைத் தாள், புதுச் சப்பாத்துப் பெட்டியில வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாம உள்ள போடுங்க, லென்ஸையும் அதே மாதிரி வைங்க. வெயில் நல்லா அடிக்கிற நாள்ல பெட்டியைத் தெறந்து நெழல்ல காத்தாட விடுங்க, நேர் வெயில்ல வச்சா கலரு போயிரும். கரியில வரைஞ்சதுன்னா மேல ஒரு தாள் வச்சு நாலு மூலையிலயும் ஒட்டிடுங்க, இல்லன்னா மேல இருக்கிற படத்தோட பின்பக்கம்தான் கறுப்பா இருக்கும்.